ஒன்பது பேருக்குப் போட்ட ஸ்பிரிங்

போன மாதம் ஒரு போன் வந்தது. பேசியது நித்யா. நான் ஓய்வு பெற்ற கும்மிடிப்பூண்டி ஸ்பிரிங் தொழிற்சாலையில் இப்போது டிசைன் பிரிவில் இருக்கிற பெண். நன்றாகப் படித்தவள், என்னைவிட நூறு மடங்கு கணக்குத் தெரிந்தவள்.

"சார், ஆபீசுக்குத் தினம் ஓட்டுற காருக்கு ஸ்பிரிங் மாத்தணும்னு எங்க ஊட்டுக்காரரு ஒத்தக்கால்ல நிக்கறாரு. நெட்டுல பாத்து செவப்பு கலர் செட்டு ஒண்ணு ஆர்டர் பண்ணப் போறாராம். எது நல்லதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

"வண்டியில யாரும்மா ஒக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

வந்ததே எனக்குக் கோபம்! ஸ்பிரிங் டிசைன் செய்கிற பெண் கேட்கிற கேள்வியா இது? முக்கால் மணி நேரம் பொரிந்து தள்ளிவிட்டேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "சார், திட்டுனத அப்படியே எழுதிக் குடுங்க, எங்க பிரிவுல எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். திட்டுகிற எனக்கு என்ன யோக்கியதை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

திருநின்றவூர் எனக்குச் சொந்த ஊர். ஃபிட்டர் படிப்பு முடித்து, அறுபதுகளின் நடுவில் திருவள்ளூரில் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் உலையடியில் வெந்தேன், சம்மட்டி அடித்தேன், எண்ணெய்ப் புகை குடித்தேன். எல்லாரும் படுகிற பாடுதான். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

அந்தக் காலத்துக் கார்களுக்குப் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான். ஐந்தாறு எஃகுப் பட்டைகளை வில் மாதிரி வளைத்து, நீளமானது மேலே, அடுத்தடுத்துக் குட்டையானது கீழே என்று அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். பட்டையைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைக்கும், குறைத்தால் இளகும். சங்கதி இவ்வளவுதான். இந்த இவ்வளவில்தான் எனக்கு முப்பத்தைந்து வருஷம் சோறு கிடைத்தது.

எங்கள் சூப்பர்வைசர் கோதண்டம் ஆரம்பாக்கத்துக்காரர். என்னைவிட மூன்றே வயது மூத்தவர். நைனா என்றுதான் எல்லாரையும் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அவர் பேச்சில் மரியாதை கூடும். 'இன்னா நைனா' என்பவர் 'வாங்க எத்திராஜு சார்' என்று ஆரம்பித்தால், நாம் ஒளிந்துகொள்ள இடம் தேட வேண்டும். பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அவர் யாரையாவது 'சார்' என்றால் மற்றவர்கள் எல்லாம் திடீரென்று ரொம்ப மும்முரமாக வேலை பார்ப்போம்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. பின்பக்கம் இறங்கிப்போன கார் ஒன்று வந்தால் உடனே கை வைக்க மாட்டார். "போயிட்டு ஆளோட வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வண்டியில் வழக்கமாக யார் போகிறார்களோ அவர்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வந்தால் அவரவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார வைப்பார். டிக்கியில் என்ன இருக்குமோ அதுவும் இருக்க வேண்டும். பிறகு வண்டியைப் பத்தடி முன்னால் ஓட்டி, பத்தடி பின்னால் எடுக்கச் சொல்வார். நின்ற இடத்திலேயே ஆள் ஏறினால் பட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டும், உருண்டால்தான் உண்மையாக உட்காரும் என்பார். அப்புறம் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்து சாக்பீஸால் மட்கார்டிலேயே எழுதுவார். ஆளை இறக்கி, உருட்டி, மறுபடி அளப்பார். கடைசியில் பின் சீட்டில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு, வழக்கமாகப் போகிற ரோட்டிலேயே ஓட்டச் சொல்வார். முன் சீட்டில் ஒருநாளும் உட்கார மாட்டார். "ஓட்டறவனுக்கு ஸ்டியரிங்கு கீது புடிச்சிக்கறதுக்கு. பின்னாடி குந்திக்கினு இருக்கறவனுக்கு இன்னா கீது?" என்பார்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "நாளைக்குக் காலைல இந்த வண்டியில யாரு ஏறுவாங்க?" அவ்வளவுதான் கேள்வி. அதைக் கேட்காமல் அளவுகோலை எடுக்க மாட்டார். நான் அதை ஏதோ அவருடைய வாய்ப்பழக்கம் என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து துரைசாமி ஐயா என்று ஒருவர் கார் அனுப்பினார். நெல் விளைகிற நிலம் நிறைய உள்ள குடும்பம். ஆள் ஏறினால் வண்டி தரையைத் தேய்க்கிறது, பின்னால் ரப்பர் கட்டை இடிக்கிறது என்று டிரைவர் மாணிக்கம் சொன்னான். கோதண்டம் வழக்கம்போல, "ஆளோட வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவர்கள் வருவதற்குள் தங்கை கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவில் போய்விட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "பாத்துக்க நைனா" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. முதல்முறையாகப் பட்டறை என் கையில்!

அவர்கள் வந்தார்கள் பாருங்கள்! 'ஆளோட வரணும்' என்று பட்டறையில் சொன்னதாக மாணிக்கம் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். கூட்டுக் குடும்பம். யாரைக் கூட்டிக்கொண்டு போவது, யாரை விடுவது? ஒருத்தரை விட்டால் அவர் முகம் தூக்கிக்கொள்வார். எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்! துரைசாமி ஐயா, அவர் மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஐயாவின் விதவைத் தங்கை, பேரப்பிள்ளை ஒன்று, டிரைவர், ஆக மொத்தம் ஒன்பது பேர். வழியில் பெரியபாளையத்து அம்மனைப் பார்த்து, பானெட்டில் வேப்பிலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து இறங்கினார்கள். எனக்குத் தட்டில் பழமும் வெற்றிலைபாக்கும் வேறு. பட்டறை வாசலில் ஏதோ நிச்சயதார்த்தம் நடக்கிற மாதிரி இருந்தது.

தட்டைக் கையில் வாங்கியவன் எப்படிக் கேள்வி கேட்பான்? உட்காரச் சொன்னேன், உருட்டச் சொன்னேன், அளந்தேன். ஒன்பது பேரோடு வண்டி ஐந்து அங்குலம் இறங்கியது. "ஐயா, கவலையே படாதீங்க" என்று சொல்லி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பட்டை கூட்டினேன். வளைவையும் ஏற்றி அடித்தேன். வேலை முடிந்து நின்றபோது வண்டியின் பின்புறம் கம்பீரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஐயாவுக்கு வாயெல்லாம் பல். "இன்னாமா நிக்குது பாரு! எத்திராஜு, நீ கைகாரன்டா" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் அதே வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. மாணிக்கம் மட்டும் இறங்கி வந்து, "அண்ணே, டீச்சரம்மா கூப்புடறாங்க" என்றான். பின் சீட்டில் ஐயாவின் மூத்த மருமகள் வசந்தா இருந்தார். அன்றைக்கு ஒன்பது பேருக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்து வந்தவர். அப்போது நான் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இன்றைக்குத் தனியாக இருந்தார். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எறங்க முடியல. அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்றார்.

அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. அவர் திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். முந்தின வருஷம் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. மாசக்கணக்கில் படுத்த படுக்கை. இப்போது தோலும் கம்பியும் வைத்துத் தைத்த ஒரு பெல்ட்டை உடம்பில் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறார். டாக்டர், வேலைக்குப் போகலாம், ஆனால் பஸ் கூடாது, தூக்கிப்போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் வீட்டில் கார் கொடுத்திருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் அந்த வண்டியில் ஏறுவது மாணிக்கமும் இந்தம்மாவும்தான். ஒன்பது பேரும் சேர்ந்து ஏறுவது ஆடி மாசத்தில் இரண்டு ஞாயிறு, அப்புறம் ஏதாவது கல்யாணம் காட்சி.

நான் ஒன்பது பேருக்கு ஸ்பிரிங் போட்டிருந்தேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் அது அசையவே அசையாது. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் நேராக அந்தம்மாவின் முதுகெலும்பில் போய் இடித்திருக்கிறது, நான்கு நாளாக!

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "டீச்சர், மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"சொன்னா மாமா வண்டிய நிறுத்திடுவாரு. கோவத்துல இல்ல, பயத்துல. 'போதும்மா, எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரு'ன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. லீவெல்லாம் தீந்துபோச்சுண்ணே. இனிமே ஒரு நாள் போகலன்னாகூட ராஜினாமாதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்கு ஸ்கூலுக்குப் போகணும். உங்களால முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க. வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம்."

முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

மறுநாள் கோதண்டம் லீவு முடிந்து வந்தார். கையில் கல்யாண லட்டுப் பொட்டலம். நான் லட்டை வாங்காமல் நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்தார். லட்டைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"வாங்க எத்திராஜு சார்" என்றார்.

பட்டறை முழுக்க மும்முரமாக வேலை நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவர் ஒன்றும் திட்டவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் புங்க மரத்தடியில் நிற்கிற அந்தக் காருக்கு என்னை அழைத்துப்போனார். என் துண்டை வாங்கி, ஒரு மூங்கில் தப்பையை என் முதுகில் வைத்து, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினார். பின் சீட்டில் உட்கார வைத்தார். தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பெரியபாளையம் ரோட்டில் ஏழெட்டு மைல் ஓட்டினார். தார் போடாத கப்பி ரோடு. ஆற்றுத் தரைப்பாலத்தில் ஏறி இறங்கியபோது, "அண்ணே, போதும்ணே!" என்று கத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. திரும்பி வந்து சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு, "நீ செஞ்சது நல்ல ஸ்பிரிங்குதான் நைனா. யாருக்குன்னு கேக்காம செஞ்சிட்ட, அதான் பேஜாரு. சரி வா, நாஷ்டா துன்னுட்டு வேலையப் பாப்போம்" என்றார். மறுபடி நைனா ஆகிவிட்டேன் என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியிடம் அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நல்லவேளையாகக் காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வண்டி பள்ளிக்கூடத்து வாசலில் சும்மாதான் நிற்கும். அந்த நேரம் எங்களுடையது. ஒரு நாளைக்கு ஒன்றுதான் மாற்றுவோம் என்று கோதண்டம் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டை ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. டீச்சரும் அதற்கு ரொம்ப சந்தோஷப்பட்டார். "பரிசோதனைன்னா அப்படித்தான் செய்யணும்" என்றார். ஒரு நோட்டில் வழியில் இருக்கிற மேடு பள்ளம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, தினமும் மார்க் போட்டுக்கொண்டு வந்தார். நான் போட்ட ஸ்பிரிங்குக்கு நூற்றுக்குப் பதினாறு.

முதல் நாள் சக்கரத்தில் காற்றைப் பார்த்தோம். வண்டி கம்பீரமாக நிற்கிறதே என்று மாணிக்கம் பெருமையில் கல் மாதிரி காற்றடித்து வைத்திருந்தான். சரியான அளவுக்கு இறக்கினோம். அதற்கு இருபத்திரண்டு மார்க் கிடைத்தது.

இரண்டாம் நாள் டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். "தூக்கிப் போடுறதுகூடப் பரவாயில்லண்ணே. போட்டப்புறம் இன்னொரு தடவ தானா எழும்பி எழும்பி அடங்குது பாருங்க, அதுலதான் உசுரு போகுது." கோதண்டம் நிமிர்ந்து பார்த்தார். ஆட்டத்தை அடக்க வேண்டியது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் இருக்க வேண்டும். திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வறண்டு கிடந்தது. இத்தனை வருஷம் வேலை பார்த்த நாங்கள் இரண்டு பேரும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகு ஒடிந்த ஒரு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார். எண்ணெய் ஊற்றி ஓட்டினோம்.

"முப்பத்தி நாலு" என்றார் மறுநாள் காலையில்.

"டீச்சர், ஒரு மார்க்குல ஃபெயிலா? கிரேஸ் மார்க் போடக் கூடாதா?"

"என் கிளாஸ்ல கிரேஸ் மார்க் கிடையாது" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதலில் பார்த்தேன்.

இனிமேல் பட்டையில்தான் கை வைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். நான் கூட்டிய பட்டைகளை உருவிவிட்டால் வண்டி பழையபடி தொங்கும். ஐயா பார்த்தவுடனே காரணம் கேட்பார். விஷயம் வெளியே வந்துவிடும். ஆடி ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் ஏறினால் தரையைத் தேய்க்கும். உருவாமல் விட்டால் டீச்சரின் முதுகு போச்சு. ஒரே ஸ்பிரிங் இரண்டு பேருக்கு மெத்தை மாதிரியும், ஒன்பது பேருக்குத் தூண் மாதிரியும் இருக்க வேண்டும்!

கோதண்டம் தரையில் குந்திக்கொண்டு சாக்பீஸால் வரைந்தார், அழித்தார். லாரிகளில் சுமை ஏறினால் மட்டும் வேலை செய்கிற துணைப் பட்டைக் கட்டு உண்டு. அதைக் காருக்குச் செய்தால் என்ன என்றேன். இடம் இல்லை என்றார். பிறகு அவரே, "கட்டு வேணாம் நைனா. கீழ கீற ரெண்டு பட்டைய வளைக்காம வுட்டா?" என்றார்.

அப்படித்தான் செய்தோம். மேலே உள்ள பட்டைகளை மெல்லியதாக எடுத்து நன்றாக வளைத்தோம். கீழே உள்ள இரண்டை மட்டும் கிட்டத்தட்டத் தட்டையாக விட்டோம். ஆள் குறைவாக இருக்கும்போது மேல்பட்டைகள் மட்டும் வேலை செய்யும். கீழ்ப்பட்டைகளின் நுனி எதையும் தொடாமல் சும்மா இருக்கும். ஆள் ஏற ஏற மேல்பட்டை நிமிர்ந்து கீழே இறங்கி, கீழ்ப்பட்டையின் மேல் உட்காரும். அப்புறம் எல்லாம் சேர்ந்து தாங்கும். உலையில் வைத்து, அச்சில் வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி பதமாகச் சூடு காட்டி ஆற வைக்க நான்கு நாள் ஆனது. இந்தத் தடவை ஒவ்வொரு பட்டையையும் நானே அடித்தேன். யாரையும் தொட விடவில்லை.

மாட்டி அனுப்பினோம். மறுநாள் காலையில் டீச்சர், "அறுபத்தியொண்ணு. ஆனா நடுவுல ஒரு இடத்துல யாரோ கதவத் தட்டுற மாதிரி டக்குனு கேக்குது, அப்போ சுருக்குனு குத்துது" என்றார். மேல்பட்டை கீழே இறங்கிக் கீழ்ப்பட்டையைத் தொடுகிற அந்த நிமிஷம்! அன்றைக்கே கீழ்ப்பட்டை நுனிகளைச் சரிவாகத் தேய்த்து, பழைய டயர் ரப்பரை வெட்டி நடுவில் வைத்துக் கட்டினேன். பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் தடவினேன். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றேன். அவர் வண்டி ஏறிப் போய், மறுநாள் காலையில் வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் கார் வந்தது. டீச்சர் தானே கதவைத் திறந்தார். மெதுவாகத்தான், ஆனாலும் யாரும் பிடிக்காமல் இறங்கினார். மார்க் சொல்லவில்லை. "வழியில தூங்கிட்டேன்ண்ணே" என்றார்.

ஒரு வாரம் கழித்துத் துரைசாமி ஐயா வந்தார். வந்த வேகத்திலேயே தெரிந்தது. "இன்னாப்பா எத்திராஜு, வண்டி பின்னாடி குந்திக்கினு கீது? நல்லா தூக்கிக் குடுத்தியே, இப்போ இன்னாத்துக்கு எறக்கி வுட்ட?" இரண்டு விரல்கடைதான் இறங்கியிருந்தது. அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

உண்மையைச் சொன்னால் டீச்சருக்குக் கொடுத்த வாக்குப் போகும். பொய் சொல்ல வாய் வரவில்லை. கோதண்டம்தான், "ஐயா, கோவப்படாதீங்க. இப்போ ஒம்போது பேர ஏத்திப் பாக்கலாமா?" என்றார். உலையடி ஆட்கள், வெல்டர், வாசலில் டீ போடுகிறவர் எல்லாரையும் பிடித்து வண்டிக்குள் திணித்தார். டீக்காரர், "ஐயோ, அடுப்புல பால் கீது!" என்று கத்திக்கொண்டே ஏறினார். உருட்டி, அளந்து, ஐயாவுக்குக் காட்டினார். ஒன்பது பேரோடு வண்டி ஒன்றரை அங்குலம்தான் இறங்கியது. ஐயா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தலையை ஆட்டினார். கோபம் போய்விட்டது.

கிளம்புகிறவர் என்னை மட்டும் தனியாக வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "மருமவ ஒன்னாண்ட சொல்லிச்சாப்பா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எங்களாண்ட சொல்லாது. நீ தூக்கிக் குடுத்த மொத வாரம் ஊட்டுக்கு வந்தா செவுத்தப் புடிச்சிக்கினு நிக்கும். வலிக்குதாம்மானு கேக்க வாய் வரும். மாமனாரு கேக்கற சேதியா அது? கேட்டா இல்லன்னுதான் சொல்லும். வேலைய வுட்டுடுன்னு சொல்லலாம்னா, பள்ளிக்கூடத்துப் பசங்க அதத் தேடிக்கினு ஊட்டுக்கே வருதுங்க..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏதோ பண்ணியிருக்க. இன்னான்னு நான் கேக்கல. நல்லா இருப்பா."

அந்த மனிதரை வெறும் பெருமைக்காரர் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்புறம் எழுபதுகள் வந்தன. கும்மிடிப்பூண்டியில் ஷெட்டு ஷெட்டாகத் தொழிற்சாலைகள் எழும்பின. ஸ்பிரிங் தயாரிக்கிற புது கம்பெனி ஒன்றில் கோதண்டம்தான் என் பெயரைச் சொல்லிச் சேர்த்துவிட்டார். அவர் பட்டறையை விட்டு வரவில்லை. "நீ போ நைனா, அங்க படிச்சவங்க நெறய பேரு இருப்பாங்க. அவுங்க சைஸ் கேப்பாங்க, ஆளு யாருன்னு நீ கேளு" என்றார். இன்றைக்கு நான் ஒரு வேளைச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிடுகிறேன் என்றால் அந்த மனிதர்தான் காரணம். இதை அவர் இருக்கும்போதே அவரிடம் சொல்லியிருக்கிறேன். "போய்யா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புது வேலையில் சேர்ந்து சில மாதங்கள் இருக்கும். ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குப் போக, கும்மிடிப்பூண்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால், "எத்திராஜ் அண்ணே!" என்று ஒரு குரல். திரும்பினால் வசந்தா டீச்சர். காரைத் தேடினேன், காணவில்லை. மாணிக்கத்தையும் காணவில்லை. புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸிலிருந்துதான் இறங்கியிருக்கிறார். தலையெல்லாம் புழுதி. கையில் ஒரு பை மட்டும்.

"டீச்சர், பஸ்ஸுலயா வந்தீங்க? ஒங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்று அலறிவிட்டேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போன வாரம் எக்ஸ்ரே எடுத்தாங்க. பெல்ட்டக் கழட்டிடலாம், பஸ்ஸுல போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத்தான் நம்பிக்கை வரல. அதான் இன்னிக்கி லீவு போட்டுட்டு, உங்களப் பாக்கலாம்னு, கோதண்டம் அண்ணன் சொன்ன எடத்துக்கு ரெண்டு பஸ் மாறி வந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "ரெண்டுலயும் கடைசி சீட்டுல ஒக்காந்தேன்ண்ணே. அதுவும் நட்ட நடுவுல."

பஸ்ஸில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி சீட்டு என்பது பின் அச்சையும் தாண்டி இருக்கிறது. பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் மனிதன் கூரையில் இடித்துக்கொண்டு இறங்குகிற இடம்.

"எப்படிம்மா இருந்திச்சி?"

"தூக்கித் தூக்கிப் போட்டாண்ணே! பக்கத்துல ஒரு அம்மா, டிரைவரப் புடிச்சித் திட்டிக்கினே வந்தாங்க. எனக்கு..." அதற்குமேல் சொல்ல முடியவில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நடு ரோட்டில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் தன் இடுப்பைப் பிடித்துக் காட்டினார். "ஒண்ணுமே ஆகலண்ணே. ஒண்ணுமே!"

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கடைசி சீட்டுக்குத்தான் போய் உட்கார்ந்தார். பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷிஃப்ட் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. டைம் ஆபீஸில் இருந்தவர் என் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னா எத்திராஜு, ஊட்டுல ஏதாவது பிரச்சினையா? ஏன் லேட்டு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். பஸ்ஸு நல்லா தூக்கித் தூக்கிப் போட்டுது" என்றேன்.